இரண்டாம் ஜன்னலுக்குப் போகாத அக்கா

காத்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்திருந்தால் எங்கள் மூன்றாம் மாடி அக்கா இந்நேரம் அதற்கு மானேஜராகியிருப்பார். ரங்கூனில் தாமுவே பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மின்சாரம் வந்தால்தான் தண்ணீர் மோட்டார் ஓடும். மின்சாரம் எப்போது வரும் என்று மின்சாரத்துக்கே தெரியாது. நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் திட்டுவோம், பிறகு கைபேசியை நோண்டுவோம், பிறகு படுத்துவிடுவோம். அக்கா மட்டும் மாடிப்படி வளைவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மோட்டார் சுவிட்சுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிச் சொல்லுவார். தன் வீட்டுத் தொட்டியைக் கடைசியில் நிரப்புவார். சில நாள் அதற்குள் மின்சாரம் போய்விடும். அப்போதும் ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு, "வரும் தம்பி, எங்க போயிரப் போவுது?" என்பார்.

ஊர்ப் பலகையில் யாங்கோன் என்று எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் ரங்கூன்தான். அக்காவைப் பார்த்தால் அந்த ரங்கூன் முழுவதும் தெரியும். நெற்றியில் குங்குமம், இரண்டு கன்னத்திலும் தனகா மரப்பட்டை அரைத்த பூச்சு, இடுப்பில் பூப்போட்ட லுங்கி, தோளில் ஒரு துணிப்பை. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கடையில் வேலை. பாஸ்போர்ட் அளவுப் படங்களைக் கத்தரித்து, ஓரம் தட்டி, விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுப்பார். அதனால் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா, இரண்டு பேனா இருக்கும். கோயிலுக்குப் போனாலும் பசை டப்பா கூடவே போகும்.

ஆள் சாது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்களைப் போன்ற கறுத்த முகம் வந்து உட்கார்ந்தால் தேநீர் கடைசியில்தான் வரும். பின்னால் வந்தவர்கள் குடித்துவிட்டுப் போவார்கள், நாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறு கடைக்கு மாறிவிட்டேன். மானம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன், பயம்தான் காரணம். அக்கா வேலைக்குப் போகும் வழியில் தினமும் அதே கடையில் போய் உட்காருவார். பின்னால் வந்தவருக்கு முதலில் தேநீர் வந்தால் அவரைப் பார்த்துச் சிரித்து, "சூடா இருக்கும்போதே குடிங்க" என்று பர்மியில் சொல்லுவார். அந்த ஆளுக்கு ஒரு வாய்கூட இறங்காது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தேநீர் வந்த ஒருவர் அந்தக் கோப்பையை அப்படியே அக்கா பக்கம் தள்ளி வைத்துவிட்டு முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு முதலாளியே கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார். அக்கா நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கம்மி" என்றாராம்.

பர்மியில் 'ஆனாடே' என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் நெளிகிற நெளிவுக்கு அந்தப் பெயர். ரங்கூனில் பிறந்த எல்லாருக்கும் அது உண்டு. யாரிடம் எவ்வளவு உண்டு என்று அக்காவுக்கு அளவு தெரியும். அவர் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எதிரே உட்கார்ந்து மரியாதையாகக் காத்திருப்பதற்கு, திட்டிவிட்டே போயிருக்கலாம் என்று பலருக்குத் தோன்றியிருக்கும்.

இதெல்லாம் ஒத்திகை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய கூத்து அடையாள அட்டை அலுவலகத்தில் நடந்தது. எந்தப் பகுதி அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் இரண்டு ஜன்னல்கள். முதல் ஜன்னல் எல்லாருக்கும். இரண்டாம் ஜன்னல் 'கலப்பு ரத்தம்' என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிற எங்களுக்கு. பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கி, ரயில் பாதை போட்டு, நகரசபைக் குப்பை அள்ளி, இங்கேயே செத்து, இங்கேயே எரிந்த பிறகும், பேரப்பிள்ளைகளின் ரத்தத்தைப் பற்றி அந்த அலுவலகத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. முதல் ஜன்னல் தினமும் திறக்கும். இரண்டாம் ஜன்னல் செவ்வாயும் வியாழனும் மட்டும். அதுவும் உள்ளே இருக்கிறவர் தேநீர் குடிக்கப் போகாமலிருந்தால். முதல் ஜன்னலில் ஒரு காலையில் முடிகிற வேலைக்கு இரண்டாம் ஜன்னலில் மூன்று தலைமுறைக் காகிதம் கேட்பார்கள். கொண்டு போனால் நாலாவது தலைமுறையைப் பற்றி விசாரிப்பார்கள்.

அக்காவின் கணவர் பர்மியர், நகரப் பேருந்து ஓட்டுநர், வாய் திறந்து பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் இருவரும் அட்டை மாற்றச் சேர்ந்தே போனார்களாம். வாசலில் ஒரு ஊழியர் அவரை முதல் வரிசைக்கும் இவரை இரண்டாம் வரிசைக்கும் பிரித்துவிட்டார். கணவர் பத்து மணிக்கு முடித்துக்கொண்டு வந்து, இவருக்காக மரத்தடியில் நின்றார். இவருக்கு வேலை முடிய ஐந்து மாதம் ஆயிற்று. "பாவம் அந்த மனுசன். அஞ்சு மாசமா மரத்தடியிலயா நிப்பாரு?" என்று அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. தாதியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. பெரியவர்கள் அட்டைக்கு மனுக் கொடுத்து, முத்திரை குத்திய சீட்டைக் காட்டினால் போதும், பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு கெடு, இன்னும் இரண்டு வாரத்தில் வருகிற வியாழக்கிழமை. இரண்டாம் ஜன்னலுக்குப் போனால் அடுத்த வருடம்தான். எனக்கும் அப்போது முப்பது முடிந்து அட்டை மாற்ற வேண்டியிருந்தது. நான் வழக்கம்போல விண்ணப்பத்துக்குள் தேநீர்க் காசு மடித்து வைத்து, இரண்டாம் ஜன்னலில் பணிவாக நிற்பதாக முடிவு செய்திருந்தேன்.

"நம்ம அட்டையில என்ன வேணும்னாலும் எழுதிக்கட்டும் தம்பி. தமிழன்னு எழுதுனா எனக்கு என்ன வெக்கம்? ஆனா நிக்கிற எடம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் அக்கா.

முதலில் கோயில் கமிட்டியிடம் முறையிட்டார். கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் பேசினார்கள், வடை நன்றாக இருந்தது. இந்த விஷயத்தை மிகவும் கவனமாகக் கையாள வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, கையாள ஒரு துணைக் கமிட்டியைப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். நானும் அந்தத் துணைக் கமிட்டியில் இருந்தேன். அது இன்றுவரை கூடவில்லை.

மறுநாள் காலை அக்கா நேராகப் பூசாரியிடம் போய்க் கையை நீட்டினார். காப்புக் கட்டச் சொன்னார். எங்கள் ஊரில் தீமிதிக்கு முன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு விரதம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. மஞ்சள் உடுத்தி, மணிக்கட்டில் கயிறோடு வெறுங்காலில் நடக்கிறவர்களுக்குப் பேருந்தில் பர்மியர்களும் இடம் கொடுப்பார்கள். ஆனால் தீமிதிக்கு இன்னும் பல மாதம் இருந்தது. நான் பக்கத்தில் திருநீறு வாங்க நின்றிருந்தேன்.

"என்ன வேண்டுதல்மா?" என்று பூசாரி கேட்டார்.

"மக அட்டை, சாமி. கெடைக்கிற வரைக்கும் வரிசை மாற மாட்டேன்."

"அப்படி ஒரு விரதம் நான் கேள்விப்பட்டதில்லையே."

"காப்புக் கட்டுனவங்க எல்லை தாண்டலாமா, கூடாதா?"

"தாண்டக் கூடாதுதான். ஊர் எல்லையை."

"எனக்கு மொத ஜன்னல்தான் எல்லை, சாமி."

பூசாரி அம்மனைப் பார்த்தார். அம்மன் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. மஞ்சள் கயிற்றை எடுத்து இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டார்.

அடுத்த நாள் காலையிலிருந்து அக்கா முதல் ஜன்னல் வரிசையில். மஞ்சள் சேலை, வெறுங்கால், சிவப்பு ஸ்டூல். கூடவே மகள், காதில் பாட்டுக் கேட்கிற இரண்டு வெள்ளை மொட்டுகளைச் செருகிக்கொண்டு, இந்த அம்மாவை எனக்குத் தெரியாது என்பது போல இரண்டடி தள்ளி. ஜன்னலில் இருந்தவர் ஒரு இளைஞர். முறை வந்ததும், "அடுத்த ஜன்னலுக்குப் போங்க" என்றார்.

"ஹோக்கே, சயா" என்றார் அக்கா. சரிங்க ஐயா என்று அர்த்தம். ஆனால் போகவில்லை. மணிக்கட்டைக் காட்டி, எல்லை தாண்டக் கூடாத கதையை நல்ல பர்மியில், நல்ல மரியாதையோடு சொன்னார். அந்த இளைஞரின் மணிக்கட்டிலும் ஒரு கயிறு இருந்தது, ஏதோ மடத்துப் பிக்கு மந்திரித்துக் கட்டியது. அவர் தன் கயிற்றைப் பார்த்தார், இவர் கயிற்றைப் பார்த்தார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "என்னால வாங்க முடியாது, அமா" என்றார். அமா என்றால் அக்கா.

"பரவாயில்ல, சயா. நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவரிடம் திரும்பி, "நீங்க போங்க" என்று வழிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் வழிவிட்டார். யாருடைய வேலையும் அவரால் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. அதனால் அவரை யாரும் திட்டவும் முடியவில்லை. நாலு மணிக்கு ஜன்னல் சாத்தும்போது வரிசையில் மிச்சம் இருந்தவர்கள் அக்காவும் மகளும்தான்.

இப்படியே தினமும். நடுவில் ஒருவருக்குப் போட்டோ உரிந்துவிடும், அக்காவிடம் பசை இருந்தது. ஒருவர் படம் அளவு பெரிதாக இருக்கும், அக்காவிடம் கத்தரிக்கோல் இருந்தது. ஒரு பெரியவருக்கு எழுதத் தெரியாது, அக்காவின் பர்மி எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நாலே நாளில் அந்த வரிசையில் அவருக்குப் பர்மியில் 'பசை அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. வேலை ஆகாமல் மறுநாளும் வந்தவர்கள், "இன்னுமா உங்களுக்கு ஆகல?" என்று கேட்பார்கள். "இல்ல, நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே வழிவிடுவார். கேட்டவர் நெளிந்துகொண்டே போவார். நான் முன்னே சொன்ன அந்த நெளிவு, வரிசை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வாரம் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக மஞ்சள் கயிற்றோடு வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார்கள். பின்னால் நிற்கத்தான் வந்தார்கள், அக்கா விடவில்லை. தாகேதாவிலிருந்து ஒரு வெல்டர் வந்தார். ரயில்வேக்காரர் ஒருவரின் விதவை வந்தார். மாவ்பியில் காய்கறி போட்டுப் பிழைத்தாலும் குடும்பப் பட்டியல் இன்னும் எங்கள் பகுதியிலேயே இருக்கிற ஒரு தம்பதி விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரும் முறை வரும்போது கயிற்றைக் காட்டி, "காத்திருக்கிறோம்" என்று சொல்லிப் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டார்கள். பூசாரிக்கு மஞ்சள் கயிறு தீர்ந்துபோய் வெளியே வாங்க வேண்டியதாயிற்று. கமிட்டித் தலைவர் இதற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மச்சானுக்கு மட்டும் ஒரு கயிறு கட்டிவிடச் சொன்னார் என்று கேள்வி.

கெடு வியாழக்கிழமை. இரண்டாம் ஜன்னல் திறந்திருந்தது, அதன் எதிரே நான் மட்டும். என் விண்ணப்பத்துக்குள் மடித்த நோட்டு வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டரை மணி இருக்கும். உள் அறையிலிருந்து பெரிய அதிகாரி வெளியே வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். அக்காவின் அருகே வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்கு இன்னிக்குக் கெடுன்னு சொன்னாங்க. பின்வாசல் வழியா என் அறைக்கு வாங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் நானே முடிச்சுத் தர்றேன். மத்தவங்க அந்த ஜன்னலுக்குப் போகட்டும்."

அக்கா மகளைப் பார்த்தார். பை நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு நாள் அசையாத அந்தக் கால் பின்வாசல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தது. நான் பார்த்தேன். போங்க அக்கா, போய் வாங்கிடுங்க என்று நான் மனசுக்குள் கத்தினேன். இன்றைக்கும் அந்த ஒரு அடிக்காக எனக்கு அவர்மேல் பாசம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மகள் காதிலிருந்த மொட்டுகளைப் பிடுங்கினாள். அம்மா தமிழில் கேட்டால் பர்மியில் பதில் சொல்லுகிற பெண் அவள். அவள் வாயில் ஒரு முழு வாக்கியம் தமிழில் நான் அதுவரை கேட்டதில்லை.

"அம்மா, நமக்கு முன்னாடி எட்டுப் பேர் நிக்கிறாங்க."

தமிழ் கொஞ்சம் தடுக்கித்தான் வந்தது. பிறகு அதிகாரியிடம் திரும்பி அதையே பர்மியில் சொன்னாள், இந்த முறை தடுக்காமல், வரிசைக்கே கேட்கும்படி. அக்கா எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுதுகொண்டே அதிகாரிக்கு நன்றியும் சொன்னார்.

அப்போது ஜன்னலில் நின்றிருந்தவர் ஒரு கருவாட்டு வியாபாரி, தாட்டியான பர்மியர். போன வாரம் அக்கா அவருக்குப் படம் ஒட்டிக் கொடுத்திருந்தார். அவர் ஜன்னலுக்குள் பாதி நீட்டிய காகிதத்தை வெளியே இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"அமா, உங்க ஆளுங்க போகட்டும். நான் காத்திருக்கேன்."

ஜன்னல் இளைஞர் அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "அடுத்தது" என்றார். அந்தப் பெண், "அவங்க போகட்டும், நான் காத்திருக்கேன்" என்றாள். அடுத்தவரும் அதையே சொன்னார். எழுதத் தெரியாத அந்தப் பெரியவர் அன்றைக்கும் வந்திருந்தார். அவர் தன் முறை வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பதினோரு நாளாக அக்கா சொன்ன அதே வார்த்தை, இப்போது வரிசையின் ஒவ்வொரு வாயிலிருந்தும் வந்தது. முதல் ஜன்னலில் விண்ணப்பம் நீட்ட அந்த எட்டுப் பேரையும் அக்காவையும் மகளையும் விட்டால் ஆள் இல்லை. இளைஞர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இளைஞர் கையை நீட்டி வெல்டரின் விண்ணப்பத்தை வாங்கினார். புரட்டிப் பார்த்து, "படம் நல்லா ஒட்டியிருக்கு" என்றார். எட்டுப் பேர் முடிந்து மகளின் சீட்டில் முத்திரை விழுந்தபோது மணி மூன்று ஐம்பது. அக்காவின் கணவர் மரத்தடியில் நின்றிருந்தார். மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெற்றி நிச்சயம் என்று தெரிந்த பிறகு வீரம் வந்தது. இரண்டாம் ஜன்னலை விட்டுப் பாய்ந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்று என் விண்ணப்பத்தையும் நீட்டினேன். அக்கா அதை மெதுவாகத் தள்ளினார். கருவாட்டுக்காரரையும், அந்தப் பெண்ணையும், பெரியவரையும், பின்னால் நின்ற எல்லாரையும் காட்டினார்.

"அவங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க தம்பி. கடைசியில போய் நில்லு."

போய் நின்றேன். என் முறை வருவதற்குள் நாலு மணியாகி ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அட்டையில் எங்கள் ரத்தத்தைப் பற்றி இன்னும் எழுதுகிறார்கள். இரண்டாம் ஜன்னலின் பலகை இன்னும் அங்கே இருக்கிறது என்று சொல்கிறார்கள். மகள் தாதியாகி வேலை கிடைத்த ஊருக்கு அக்காவும் போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் மோட்டார் சுவிட்சுக்கு எதிரே இப்போது யாரும் உட்காருவதில்லை, பாதி நாள் தண்ணீர் பிடிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, நான் முதல் ஜன்னல் வரிசைக்குப் போனேன். என் கையில் கயிறு இல்லை. விண்ணப்பத்துக்குள் நோட்டும் இல்லை, அதை எடுத்துவிட்டிருந்தேன். இன்றைக்கு அந்த இளைஞர் போ என்றால் நான் போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். எனக்குப் பின்னால் ஸ்டூல் தரையில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் சேலை, வெறுங்கால், தோளில் பை.

"உங்க வேலைதான் நேத்தே முடிஞ்சிருச்சே, அக்கா?"

அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். முடிச்சு அப்படியே இருந்தது.

"இன்னும் அவுக்கலையே தம்பி. ஒரு ஆளு பாக்கி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, என் விண்ணப்பத்தை வாங்கி, ஓரம் உரிந்திருந்த என் படத்துக்குப் பசை தடவ ஆரம்பித்தார்.